தாழ்மை பழகுகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

சபை வேலைக்குப் புதிதாக வரும் தம்பி தங்கைகளைப் பார்க்கிறேன். எங்கள் காலத்தில் நாங்கள் அடித்த அதே கூத்துதான். பெருமை பேசாதே, முன்வரிசைக்கு முண்டியடிக்காதே என்பதெல்லாம் ஞாயிறு பள்ளியிலேயே கேட்டிருப்பீர்கள். அதை விட்டுவிடுகிறேன்.

மன்னிப்பை ஜெபத்துக்குள் ஒளித்து வைப்பது

இதை நினைத்தால் இன்னமும் எனக்கு எரிச்சல் வரும். கோயிலில் ஊருக்கே சாப்பாடு போடும் ஓர் அசனப் பண்டிகையில் பந்தி தாமதமாகிவிட்டது. பொறுப்பிலிருந்த பெரியவர், கோயில் மணி அடிக்கிறவரை ஊர் முன்னால் "ஏலே" போட்டு ஏசினார். இத்தனைக்கும் மணி அடிக்கிறவர்தான் ஏசினவரைவிட வயதில் மூத்தவர். அரிசி நேரத்துக்கு வந்து சேராததற்கு அவர் என்ன செய்வார்? அடுத்த ஜெபக்கூட்டத்தில் பெரியவர் முழங்கால் போட்டு, "யார் மனதையாவது புண்படுத்தியிருந்தால் மன்னியும் ஆண்டவரே" என்று கண்ணீர் விட்டார். எல்லாரும் ஆமென் சொன்னோம். என்ன ஒரு தாழ்மை என்று பேசிக்கொண்டே கலைந்தோம். ஏச்சு வாங்கியவர் அந்தக் கூட்டத்தில் இல்லவே இல்லை. அப்புறம் கோயில் பக்கமே வரவில்லை. மணி அடிக்க வேறு ஆள் தேட வேண்டியதாயிற்று.

காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு, முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகச் சொல்கிறது மத்தேயு 5. அதாவது, ஆராதனை பாதியில் நின்றாலும் பரவாயில்லை. 1662ஆம் ஆண்டு ஆங்கிலிக்கன் ஜெபப் புத்தகம் இன்னும் கறார்: பகையோடு இருக்கிறவர்கள் ஒப்புரவானது தெரியும்வரை குருவானவர் அவர்களை அப்பமும் ரசமும் பகிரும் நற்கருணைக்குச் சேர்க்கக் கூடாது. இயேசுவைச் சந்தித்து மனம் மாறிய வரி வசூலிப்பவன் சகேயுவும் பொதுவாக மன்னிப்புக் கேட்டுவிட்டு உட்காரவில்லை. ஏமாற்றி வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்று கணக்கோடு சொன்னான்.

தனியாக ஏசினால் தனியாகப் போங்கள். ஊர் முன்னால் ஏசினால் ஊர் முன்னால்தான் கேட்க வேண்டும். "அண்ணே, அன்றைக்கு உங்களை ஏசினது என் தப்பு." அவ்வளவுதான். அரிசிக் கதையை இழுக்காதீர்கள். அவர் உடனே சிரித்துக் கைகொடுப்பார் என்றும் காத்திருக்காதீர்கள். கோபம் ஆற அவருக்கு நாள் ஆகலாம்.

"எனக்குத் தகுதியில்லை, ஐயா"

கர்த்தர் கொடுத்த வேலையை மோசே திரும்பத் திரும்பத் தட்டிக் கழித்தபோது கர்த்தருக்குக் கோபம்தான் வந்தது (யாத்திராகமம் 4). பூமியிலுள்ள எல்லாரையும்விடச் சாந்தகுணமுள்ளவன் என்று எண்ணாகமம் 12 சொல்வதும் அதே மோசேயைத்தான். நீங்கள் நழுவினால், ஏற்கெனவே பாடகர் குழு, பெண்கள் ஐக்கியம் என்று ஓடிக்கொண்டிருக்கும் அக்கா தலையில்தான் அந்த வேலையும் விழும்.

உதவியை மறுப்பது

இயேசு தன் காலைக் கழுவ விடமாட்டேன் என்ற பேதுருவுக்கு என்ன பதில் கிடைத்தது என்று யோவான் 13இல் பாருங்கள்: "நான் உன்னைக் கழுவாவிட்டால் என்னிடத்தில் உனக்குப் பங்கில்லை." காய்ச்சலில் கிடக்கும்போது யாராவது கஞ்சி கொண்டுவந்தால் வாங்கிக் குடியுங்கள்.

பேராயர் பையைத் தூக்க ஓடுவது

சரி, ஓடுங்கள். பந்தி முடிந்து எச்சில் இலை எடுக்கும்போதும் அதே வேகம் இருக்கட்டும்.

கடவுள் தனக்குச் செய்ததைச் சபை முன் சொல்லும் சாட்சி நேரத்தில் "நான் வெறும் தூசி"

வேண்டாம்.