விகன் பஞ்சாலைப் பெண்கள்: ஓவியத்தைப் பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆங்கில ஓவியர் எயர் குரோ 1874இல் வரைந்த ‘தி டின்னர் அவர், விகன்’ ஓவியத்தின் தலைப்பை ‘இரவு உணவு நேரம்’ என்று தமிழாக்கிவிடாதீர்கள். வட இங்கிலாந்துத் தொழிலாளர் வழக்கில் டின்னர் என்பது மதியச் சாப்பாடு. ஆலைப் பெண்கள் வெளியே வந்து, தாழ்ந்த மதிலில் உட்கார்ந்தும் சாய்ந்தும் பேசிக்கொண்டிருக்கும் பகல் வேளை அது.

ஊரையும் மாற்றிவிடக் கூடாது. ஓவியம் இருப்பது மான்செஸ்டர் கலைக்கூடத்தில். வரையப்பட்ட ஊர் விகன். பின்னால் தெரிவது அவ்வூரின் விக்டோரியா ஆலை. விகன் பருத்திக்கும் நிலக்கரிக்கும் பெயர்பெற்ற ஊர் என்பதால், சுரங்க வாயிலில் நிலக்கரி சலித்த பெண்களோடு இவர்களைக் குழப்புகிறவர்களும் உண்டு. கால்சட்டை அணிந்து வேலைசெய்து அந்நாளில் பேசுபொருளானவர்கள் அந்தச் சுரங்கப் பெண்கள். ஓவியத்தின் ஆலைப் பெண்களிடம் இருப்பவை மேலங்கி, சால்வை, மரக்கட்டை அடிவைத்த காலணி. தலையில் கட்டிய வலையை அலங்காரம் என்று எண்ணிவிட வேண்டாம்; ஓடும் இயந்திரத்தில் கூந்தல் சிக்கினால் உயிரே போகும்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது வேறொரு தவறு. ‘பெண்கள் இவ்வளவு தெளிந்த முகத்தோடு இருக்கிறார்களே, ஆலைக் கொடுமையை ஓவியர் மறைத்துவிட்டார்’ என்று ஒரே வரியில் தள்ளிவிடுகிறார்கள். ஓவியம் பலவற்றைக் காட்டவில்லை என்பது உண்மைதான். உள்ளே தறிகளின் இரைச்சலில் நெசவாளர்கள் உதட்டசைவைப் படித்தே பேசிக்கொண்டார்கள்; பஞ்சுத் தூசி நுரையீரலைக் கெடுத்தது; எட்டு வயதுக் குழந்தைகள்கூட அரைநாள் வேலைக்கு வந்தார்கள். அந்த வயது வரம்பைப் பத்தாக உயர்த்தி, பெண்களின் வேலை நேரத்தை வாரத்துக்கு 60 மணியிலிருந்து 56½ மணியாகக் குறைத்த சட்டம் நிறைவேறியதும் அதே 1874இல்தான். ஆனால் குரோ வரையத் தேர்ந்தெடுத்தது, இவர்கள் யாருக்கும் வேலைசெய்யாத அந்தச் சிறு பொழுதை. ஓய்வில் இருக்கும் உழைப்பாளியிடமும் துயரத்தை மட்டுமே தேடுவது நம் பார்வையின் குறை.

குரோவைக் கொடுமையைக் கண்டறியாத கனவான் என்று நினைப்பதும் தவறு. அவர் லண்டனில் பிறந்தவர். 1853இல் அமெரிக்காவின் ரிச்மண்ட் நகரில் அடிமை ஏலத்தை நேரில் பார்த்துக் கோட்டோவியம் தீட்டினார். அங்கிருந்தவர்கள் சீறியதும் வெளியேற நேர்ந்தது. அந்த அனுபவம் விற்பனைக்காகக் காத்திருக்கும் அடிமைகளின் ஓவியமாக 1861இல் லண்டனில் காட்சிக்கு வந்தது. விகன் அன்று அடங்கியிருந்த லங்காஷயர் பகுதியின் ஆலைகளுக்குப் பெரும்பகுதிப் பஞ்சு அதுவரை அத்தகைய அடிமைகளின் உழைப்பால்தான் வந்துகொண்டிருந்தது. அதே ஆண்டு மூண்ட அமெரிக்க உள்நாட்டுப் போரில் பஞ்சு வரத்து அறுந்து, லங்காஷயரில் ஏராளமானோர் வேலையிழந்து பட்டினி கிடந்தார்கள். விகனின் மதிலில் உட்கார்ந்திருப்பவர்களில் வயது கூடியவர்கள் அந்தப் பஞ்சத்தைக் கடந்தவர்களாகவே இருக்க வேண்டும். ஏலத்தில் விற்கப்பட்ட அடிமைகள், ஆலையில் பஞ்சை நூலாக்கியவர்கள் என இரு முனையையும் பார்த்தவர் குரோ. ஆகவே இந்த ஓவியத்தைத் தனியாக நிறுத்திப் பார்க்காமல், 1861ஆம் ஆண்டு ஓவியத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.