16 இஞ்ச் அலாய் வீல், 30 மி.மீ. இறக்கம்: பெங்களூரு ரோட்டுக்கு ஏற்றபடி காரைத் தாழ்த்துவது எப்படி?

பெரிய வீல் போட்டால் மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே உள்ள இடைவெளி குறையும் என்று பலர் நம்புகிறார்கள். டயரைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் அது குறையவே குறையாது. ரிம் வளர்ந்த அளவுக்கு டயரின் பக்கச்சுவர் சிறுத்துவிடும், மொத்த உயரம் மாறாது. பெங்களூருவின் கார் உதிரிபாகக் கடைத்தெருவான ஜே.சி. ரோட்டில் அலாய் வாங்கியவர்கள் அடுத்த மாதமே காரைத் தாழ்த்தும் ஸ்பிரிங் தேடி வருவது இதனால்தான். இரண்டையும் ஒன்றாகத் திட்டமிடுங்கள். வீலை முதலில் முடிவு செய்யுங்கள், இறக்கத்தைப் பிறகு.

2018-ல் வந்த மாருதி ஸ்விஃப்ட்டின் மேல் ரகங்களில் 185/65 ஆர்15 டயர், அதாவது 185 மி.மீ. அகலம், 15 இஞ்ச் ரிம். 185-ல் 65 சதவீதம் 120 மி.மீ. பக்கச்சுவர். மேலும் கீழும் சேர்த்து 240.5, ரிம் 381, ஆக மொத்தம் 621.5 மி.மீ. 195/55 ஆர்16 போட்டால் 620.9. உயரம் மாறாததால் ஸ்பீடோமீட்டர் கணக்கு கெடாது. 205/45 ஆர்17 கூட 616-தான், ஆனால் பக்கச்சுவர் 92 மி.மீ.க்கு வந்துவிடும். மழைநீர் நிறைந்த குழியில் இறங்கினால் அடி நேராக ரிம்முக்குப் போகும். இந்த ஊருக்கு 16 போதும். டயரின் சுமைக் குறியீட்டையும் பாருங்கள்: 88 என்றால் ஒரு டயருக்கு 560 கிலோ, 84 என்றால் 500 கிலோ. பழைய எண்ணுக்குக் கீழே போகாதீர்கள்.

ஸ்விஃப்ட்டுக்கு பி.சி.டி. 4x100 (நான்கு நட்டுகள், அவை அமைந்த வட்டத்தின் விட்டம் 100 மி.மீ.), நடுத்துளை 54.1 மி.மீ. கடை அலாய்களின் துளை பெரும்பாலும் இதைவிடப் பெரிது. இடைவெளியை நிரப்பும் ஹப் ரிங் போடாவிட்டால் வேகம் 80 கி.மீ.யைத் தாண்டியதும் ஸ்டியரிங் உதறும். ஆஃப்செட்டில்தான், அதாவது ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் பொருந்தும் முகம் தள்ளியிருக்கும் மி.மீ. அளவில்தான், அதிகம் ஏமாறுகிறார்கள். கம்பெனி வீல் 5½ ஜே (ரிம் அகலம் 5½ இஞ்ச்), ஆஃப்செட் 45 என்று வையுங்கள். 7 ஜே, ஆஃப்செட் 40 மாட்டினால் வீலின் வெளி விளிம்பு 24 மி.மீ. வெளியேயும், உள் விளிம்பு ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த தூண்) பக்கம் 14 மி.மீ. உள்ளேயும் நகரும். தாழ்த்திய காரில் அந்த 24 மி.மீ. மட்கார்டு விளிம்பில் உரசும்.

ஸ்பிரிங்குக்குப் பணம் கொடுக்கும் முன் ஒரு சோதனை. 30 மி.மீ. தடிமனுள்ள தெர்மாகோல் துண்டை, சைலன்சர் சூடு படாத இடமாகப் பார்த்து, வண்டியின் அடியில் தாழ்வான பகுதியில் டேப் போட்டு ஒட்டுங்கள். நான்கு பேரை ஏற்றிக்கொண்டு அபார்ட்மென்ட் பேஸ்மென்ட் ரேம்ப்பிலும் தினமும் போகும் ஹம்ப்புகளிலும் மெதுவாக ஓட்டுங்கள். துண்டில் கீறல் விழுந்தால் 20 மி.மீ.க்கு மேல் இறக்காதீர்கள். சாலை விதிப்படி ஹம்ப் 10 செ.மீ. உயரமும் 3.7 மீட்டர் அகலமும் இருக்க வேண்டும். தெருக்களில் இருப்பவை பல அந்தக் கணக்கில் அடங்காதவை. 30 மி.மீ. இறக்கினால் ஸ்விஃப்ட்டின் 163 மி.மீ. தரை இடைவெளி உங்களுக்கு 133 ஆகிவிடும், அதுவும் ஆளில்லாத போது.

ஸ்பிரிங்கை வெட்டவே வெட்டாதீர்கள். வெட்டிய முனை அதைத் தாங்கும் தட்டில் (ஸ்பிரிங் சீட்) உட்காராது, வீல் தொங்கும்போது ஸ்பிரிங் இடம் மாறும். கேஸ் வைத்துச் சூடாக்கி இறக்கினால் இரும்பின் பதமே போய்விடும். உங்கள் மாடலுக்கென்றே வரும் லோயரிங் ஸ்பிரிங் செட் வாங்குங்கள். 40,000 கி.மீ. தாண்டிய ஷாக் அப்சார்பர் என்றால் கசிவு பார்த்து அதையும் மாற்றிவிடலாம்.

வேலைக்கு முன் நான்கு பக்கமும் வீல் நடுவிலிருந்து மட்கார்டு வளைவு வரை அளந்து எழுதுங்கள். சமதளத்தில் நிறுத்தி, வண்டி தரையில் இருக்கும்போதே வீல் நட்டைத் தளர்த்தி, பிறகு தூக்கி ஸ்டாண்டில் வையுங்கள். வெறும் ஜாக்கை நம்பி அடியில் போகக் கூடாது. ஏ.பி.எஸ். வயரையும் பிரேக் ஹோஸையும் ஸ்ட்ரட்டிலிருந்து விடுவித்து, ஸ்ட்ரட்டை ஸ்டெபிலைசர் கம்பியோடு இணைக்கும் லிங்க் ராடைக் கழற்றுங்கள். நக்கிளில் (வீல் ஹப்பைத் தாங்கும் பாகம்) உள்ள இரண்டு போல்ட்டுகளின் இடத்தைப் பெயின்ட்டால் குறித்துவிட்டு ஸ்ட்ரட்டை இறக்குங்கள். ஸ்பிரிங்கை அமுக்கும் கம்ப்ரஸர் கருவியை மாட்டி ஸ்பிரிங் சீட்டில் தளர்ந்து ஆடும்வரை, மேலே நடுவில் உள்ள நட்டைத் தொடாதீர்கள். முன்னதாகத் திறந்தால் ஸ்பிரிங் முகத்தில் பாயும். ஷாக் முழுக்க அமுங்கும்போது அடியைத் தாங்கும் ரப்பரான பம்ப் ஸ்டாப்பை எறிந்துவிடாதீர்கள். ஸ்பிரிங் தயாரிப்பாளர் சொன்னால் மட்டும், சொன்ன அளவுக்கு வெட்டுங்கள். பின்பக்கம் எளிது. இரு ஷாக்கின் கீழ் போல்ட்டையும் எடுத்து, பின் வீல்களை இணைக்கும் பீமை ஜாக்கால் மெல்ல இறக்கினால் ஸ்பிரிங் கையோடு வரும். அப்போது பிரேக் ஹோஸ் இழுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

முன் ஸ்ட்ரட்டைப் பூட்டும் முன், ஒருமுறை ஸ்பிரிங் இல்லாமல் மாட்டி, புது வீலையும் போட்டு, வீலைக் கீழே தாங்கும் லோயர் ஆர்மை ஜாக்கால் உயர்த்துங்கள். பம்ப் ஸ்டாப் தொட்டதும் நிறுத்துங்கள், வண்டி ஸ்டாண்டிலிருந்து எழக் கூடாது. ஸ்டியரிங்கை இரு கோடிக்கும் திருப்பிப் பாருங்கள். ஸ்ட்ரட்டுக்கும் டயருக்கும் நடுவே சுண்டுவிரல் நுழைய வேண்டும்.

பலர் தவறவிடும் இடம் புஷ், அதாவது இணைப்புகளில் உள்ள ரப்பர் உறை. லோயர் ஆர்ம், பின் பீம் புஷ் போல்ட்டுகளைத் தளர்த்தி, வண்டியின் எடை வீலில் நிற்கும்போது மட்டுமே முறுக்குங்கள். தொங்கவிட்டு முறுக்கினால் உள்ளே ரப்பர் திருகிக்கொண்டே நிற்கும், சீக்கிரம் கிழியும். வீல் நட்டுகளை மேனுவலில் உள்ள டார்க்குக்கு முறுக்கி, 100 கி.மீ. ஓடியதும் மறுபடி சரிபாருங்கள்.

மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-ன்படி, பதிவுச் சான்றிலுள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 திருத்தத்தின்படி அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் வரலாம், ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. ஆர்.டி.ஓ.விலும் இன்ஷூரன்ஸிலும் எழுத்தில் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

300 கி.மீ. ஓடி ஸ்பிரிங் அமர்ந்தபின் வீல் அலைன்மென்ட் செய்யுங்கள். டயரின் உள்விளிம்பைத் தின்பது பெரும்பாலும் கேம்பர் (வீலின் பக்கவாட்டுச் சாய்வு) அல்ல, அளவு தவறிய டோ (மேலிருந்து பார்க்கும்போது வீல் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம்). ஹெட்லைட் உயரத்தையும் அன்றே திருத்துங்கள். மறு மாதம் ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி வைத்து, முன் டயரின் உள்விளிம்பைக் கையால் தடவிப் பாருங்கள். ரம்பம் போல் நெருடினால் அலைன்மென்ட்டை மறுபடி செய்யச் சொல்லுங்கள்.