இருமினால் சிறுநீர் கசியும் பெண்களின் திசுவில் கொலாஜனை அளப்பது எப்படி

இருமினாலோ கனம் தூக்கினாலோ சிறுநீர் கசிகிறது என்றால், யூரித்ராவை (சிறுநீர் வெளியேறும் குழாயை) தாங்கும் இணைப்புத் திசு நலிந்திருக்கிறதா என்ற கேள்வி எழும். 1987-இல் உல்ம்ஸ்டென் குழு, இத்தகைய பெண்களின் தோலிலும் கருப்பையின் வட்டத் தசைநாரிலும் இணைப்புத் திசுவின் முக்கியப் புரதமான கொலாஜன் குறைவு என்றது. 1998-இல் ஃபால்கோனர் குழு, மாதவிலக்கு நிற்காத பெண்களிடம் யூரித்ராவை ஒட்டிய திசுவில் கொலாஜன் அதிகம் என்றது. திசு வேறு, வயது வேறு. வேதிவினை எளிதுதான்: திசுவை அமிலத்தில் சிதைத்து, கொலாஜனில் உள்ள ஹைட்ராக்சிபுரோலின் என்ற அமினோ அமிலத்தை நிறமாக மாற்றி அளக்கிறோம். துண்டை எங்கே எடுத்தோம், கொலாஜன் அளவை எதால் (ஈர எடையாலா, உலர் எடையாலா) வகுத்தோம் என்பதில்தான் பெரும்பாலான ஆய்வுகள் சறுக்குகின்றன.

துண்டு எடுத்தல்

நெறிமுறைக் குழுவின் அனுமதியும் பெண்ணின் எழுத்துபூர்வ ஒப்புதலும் கையில் இருக்கட்டும். யோனியின் முன்சுவரில், நடு யூரித்ரா மட்டத்தில், நடுக்கோட்டிலிருந்து எல்லோருக்கும் ஒரே தூரத்தில் எடுக்க வேண்டும். இன்னொன்றும் முக்கியம்: மரத்துப்போகும் மருந்தையோ சலைனையோ ஊசியில் ஏற்றுவதற்கு முன்பே துண்டை எடுத்துவிடுங்கள். ஸ்லிங் அறுவையில் (யூரித்ராவைத் தாங்க நாடா வைக்கும் அறுவை) அந்த இடத்தில் திரவம் ஏற்றுவது வழக்கம். ஒப்பீட்டுக்கு எடுக்கும், கருப்பை நீக்கத்துக்கு வந்த பெண்ணுக்கு அங்கே ஏற்றியிருக்க மாட்டார்கள். ஊறிப் பருத்த திசுவின் ஈர எடையால் வகுத்தால், இல்லாத கொலாஜன் குறைவு ‘கண்டுபிடிக்கப்படும்’.

குளிர்ந்த சலைனில் அலசி, ரத்தம் போனதும் வடிதாளில் ஒற்றி, திரவ நைட்ரஜனில் உறையவைத்து, −80 டிகிரியில் வையுங்கள். மேல்தோல் செல் அடுக்கைச் சுரண்டி நீக்குவதென்றால் எல்லாத் துண்டுகளிலும் நீக்குங்கள்.

உலர்த்தி, அமிலத்தில் வேகவைத்தல்

உறைநிலை உலர்த்தியில் எடை மாறாத நிலை வரும்வரை வையுங்கள். கொழுப்பை அசிட்டோனில் கழுவி நீக்கி, மறுபடி உலர்த்தி எடை போடுங்கள். 10 மி.கி. உலர் திசுவுக்கு 1 மி.லி. 6 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலம். டெஃப்லான் பூசிய மூடியுள்ள கண்ணாடிக் குழாயில் 110 டிகிரியில் 18 மணி நேரம். மூடி சரியாக இறுகவில்லையென்றால் மறுநாள் காலையில் அடியில் கரும்பழுப்புப் பொருக்கு மட்டும்தான் இருக்கும். அடுப்பில் வைக்குமுன்னும் எடுத்த பின்னும் குழாயை எடை போட்டால் கசிந்ததா என்று தெரிந்துவிடும். கசிந்த மாதிரியைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

புகை வெளியேற்றும் பெட்டிக்குள் அமிலத்தை முழுக்க ஆவியாக்கி, 1 மி.லி. தண்ணீரில் கரைத்து, மையச்சுழற்சியில் கசடைப் பிரித்து, பத்து மடங்கு நீர்க்கச் செய்யுங்கள். அமிலம் கொஞ்சம் மிஞ்சினாலும் அடுத்த படியில் pH 6 குலைந்து நிறம் வராது.

நிறம் வரவைத்தல்

குளோரமின்-டி கரைசல் (ஹைட்ராக்சிபுரோலினை ஆக்சிஜனேற்றம் செய்வது): 1.27 கிராம் தூளை (நீரற்ற வகை) 50 சதவீத என்-புரோப்பனால் 20 மி.லி.யில் கரைத்து, pH 6 அசிட்டேட்-சிட்ரேட் பஃபரால் 100 மி.லி. ஆக்குங்கள். அன்றன்றைக்குத் தயாரிக்க வேண்டியது. பழசானால் வீரியம் போய்விடும். எர்லிக் கரைசல் (நிறம் தருவது): 15 கிராம் டைமெத்தில்அமினோபென்சால்டிஹைடை இரண்டு பங்கு என்-புரோப்பனால், ஒரு பங்கு பெர்குளோரிக் அமிலக் கலவையில் கரைத்து 100 மி.லி. பெர்குளோரிக் அமிலம் சிந்தினால் காயவிடாமல் நிறையத் தண்ணீரால் கழுவுங்கள். கரிமப் பொருளோடு காய்ந்தால் வெடிக்கும்.

50 மைக்ரோலிட்டர் மாதிரியில் குளோரமின்-டி 450 சேர்த்து அறை வெப்பத்தில் 25 நிமிடம். பிறகு எர்லிக் 500 சேர்த்து, நன்றாகக் கலக்கி, 65 டிகிரி நீர்த்தொட்டியில் 20 நிமிடம். ஆறியதும் 550 நானோமீட்டரில் படியுங்கள். கூடவே 0, 0.5, 1, 2, 4, 6 மைக்ரோகிராம் ஹைட்ராக்சிபுரோலின் உள்ள, அளவு தெரிந்த தரக்கரைசல்களும் ஓட வேண்டும். கரைசலுக்கே பழுப்பு நிறம் இருந்தால், குளோரமின்-டி இல்லாமல் பஃபர் மட்டும் சேர்த்த குழாய் ஒன்றைப் படித்துக் கழியுங்கள். ஒரு மாதிரியில் 2 மைக்ரோகிராம் தரப்பொருளைக் கூடுதலாகச் சேர்த்துப் பாருங்கள். அது முழுதாகத் திரும்பி வராவிட்டால் ஏதோ ஒன்று வினையைத் தடுக்கிறது.

கணக்கு

குழாயில் 2.7 மைக்ரோகிராம் வந்தால், 20-ஆல் பெருக்கி (1 மி.லி.யில் 50 மைக்ரோலிட்டர்தான் எடுத்தோம்), நீர்த்த பத்து மடங்கையும் பெருக்க, மொத்தம் 540. கொலாஜனில் ஹைட்ராக்சிபுரோலின் சுமார் 13.4 சதவீதம் என்பதால் 7.46-ஆல் பெருக்குங்கள்: 4.03 மி.கி. 10 மி.கி. உலர் திசுவில் 40 சதவீதம். அதே துண்டு ஈரமாக 40 மி.கி. இருந்திருந்தால் 10 சதவீதம், 50 மி.கி. அளவுக்கு ஊறியிருந்தால் 8 சதவீதம்தான். அதனால் ஈர எடை, உலர் எடை இரண்டையும் அட்டவணையில் தனித்தனி நெடுவரிசையில் எழுதுங்கள்.

இந்த எண் கொலாஜனின் அளவை மட்டும் சொல்லும். எந்த வகை, எவ்வளவு குறுக்குப் பிணைப்பு என்று சொல்லாது. குறுக்குப் பிணைப்பைப் பற்றி அறிய இன்னொரு துண்டை 0.5 மோலார் அசிட்டிக் அமிலத்தில் பெப்சினோடு 4 டிகிரியில் 24 மணி நேரம் ஊறவைத்து, கரைந்த பங்கையும் கரையாத பங்கையும் தனித்தனியே அளக்க வேண்டும். ஒப்பீட்டுப் பெண்களை வயது, பிரசவ எண்ணிக்கை, மாதவிலக்கு நிலை, ஈஸ்ட்ரோஜன் மருந்து, கருப்பை இறக்கம் ஆகிய ஐந்திலும் இணையாகத் தேர்ந்தெடுங்கள். ஈஸ்ட்ரோஜன் க்ரீம் பூசுவதைப் பலர் மருந்தாகவே நினைப்பதில்லை. அதைப் பெயர் சொல்லித் தனியாகக் கேளுங்கள்.