லேசரை ஆன் செய்யும் முன்: லேபிளைப் படிக்கக் கற்றுக்கொள்வோம்

லேசர் பாயிண்டரோ, மரத்தில் எழுத்துப் பொறிக்கும் மெஷினோ, எது கைக்கு வந்தாலும் முதலில் அதன் லேபிளைத் தேடுங்கள். அலைநீளம், திறன், கிளாஸ் (எவ்வளவு ஆபத்து என்று சொல்லும் வகை) மூன்றும் அதில் இருக்க வேண்டும். லேபிளே இல்லாத லேசரை வாங்காமல் இருப்பதே நல்லது.

படி 1: அலைநீளத்தைப் பாருங்கள்

இது நானோமீட்டரில் இருக்கும். ஏறத்தாழ 400 முதல் 700 வரை கண்ணுக்குத் தெரியும் ஒளி: 450 நீலம், 532 பச்சை, 650 சிவப்பு. அதற்கு மேலே அகச்சிவப்பு. அது கண்ணுக்குத் தெரியாது, ஆனால் 1400 வரைக்கும் கண்ணின் லென்ஸைத் தாண்டிப் போய் விழித்திரையில் குவியும். தெரியாத ஒளிக்கு இமை மூடாது. விழித்திரைக்கு வலியும் தெரியாது. அதனால் 1064 நானோமீட்டர் ஃபைபர் லேசரைக் கண்டு கூடுதலாகவே பயப்படலாம். கார்பன் டை ஆக்சைடு லேசரின் 10,600 வேறு ரகம். அது விழித்திரை வரை போகாது, கண்ணின் முன்பக்கத்தையே சுட்டுவிடும்.

மலிவான பச்சை பாயிண்டர்கள் பலவற்றின் உள்ளே முதலில் உருவாவது அகச்சிவப்புதான். அதை மாற்றித்தான் பச்சை வருகிறது. வடிகட்டி வைக்காமல் விற்றால் மிச்ச அகச்சிவப்பும் கூடவே வெளியே வரும். லேபிளில் அது இருக்காது.

படி 2: திறனைப் பாருங்கள்

5 மில்லிவாட் என்றால் அற்பமாகத் தோன்றும். ஆனால் பல்பின் ஒளி எல்லாப் பக்கமும் சிதறுகிறது. லேசர் கற்றையோ விரியாமல் வந்து கண்ணுக்குள் ஒரு நுண்புள்ளியாகக் குவிகிறது. கருவிழியில் விழும்போது இருக்கும் செறிவு, விழித்திரையில் சுமார் ஒரு லட்சம் மடங்காகிவிடும்.

விட்டுவிட்டுத் துடிப்பாக வரும் லேசரில் சராசரித் திறனை நம்பி ஏமாற வேண்டாம். வெறும் 1 மில்லிஜூல் ஆற்றல் 10 நானோவினாடிக்குள் வெளியேறினால், அந்தக் கணத்தில் திறன் 1 லட்சம் வாட்! பொறிக்கும் மெஷின் விளம்பரங்களில் இன்னொரு தந்திரம் உண்டு: பெரிதாகப் போட்டிருக்கும் வாட், மெஷின் இழுக்கும் மின்சாரத்தைக் குறிப்பதாக இருக்கலாம். ஒளியாக வெளிவருவது எவ்வளவு என்று கேளுங்கள்.

படி 3: கிளாஸ்

கிளாஸ் 1 வழக்கமான பயன்பாட்டில் பாதுகாப்பானது. டிவிடி பிளேயர் இந்த வகை. உள்ளே வலுவான லேசர் இருந்தாலும் பெட்டி மூடியிருக்கிறது. கழற்றிவிட்டால் அந்த உத்தரவாதம் போச்சு. கிளாஸ் 2 என்பது கண்ணுக்குத் தெரியும் ஒளி, தொடர்ந்து எரிந்தால் 1 மில்லிவாட் வரை. கால் வினாடிக்குள் இமை மூடிக்கொள்ளும் என்ற நம்பிக்கையில் வகுத்தது. 3ஆர் (தெரியும் ஒளியில் 5 மில்லிவாட் வரை) நேராகக் கண்ணில் படக் கூடாது. 3பி 500 மில்லிவாட் வரை. அதைத் தாண்டினால் கிளாஸ் 4: கண், தோல், தீ மூன்றுக்கும் ஆபத்து.

படி 4: எதிரொளிப்பு

பளபளப்பான பரப்பில் பட்டால் கற்றை கற்றையாகவே திரும்பும். மோதிரம், வாட்ச், ஸ்பேனர் எல்லாமே கண்ணாடி மாதிரிதான், கழற்றி வையுங்கள். சொரசொரப்பான பரப்பில் ஒளி சிதறிவிடும், பெரும்பாலும் பரவாயில்லை. ஆனால் கிளாஸ் 4-இல் அந்தச் சிதறலைப் பார்ப்பதும் ஆபத்து. கற்றை போகும் உயரத்தில் யாருடைய கண்ணும் வராதபடி மேசையை அமையுங்கள், உட்கார்ந்திருப்பவரையும் கணக்கில் வைத்து.

படி 5: பாதுகாப்புக் கண்ணாடி

கூலிங் கிளாஸ் உதவாது. சரியான கண்ணாடியில் அலைநீள வரம்பும், ஓ.டி. எனப்படும் ஒளி அடர்த்தி எண்ணும் அச்சிட்டிருக்கும். ஓ.டி. ஒவ்வொன்று கூடும்போதும் உள்ளே வரும் ஒளி பத்தில் ஒன்றாகக் குறையும். 450 நானோமீட்டர், 5 வாட் லேசருக்கு ஓ.டி. 4 போட்டால் பத்தாயிரத்தில் ஒரு பங்கு, அதாவது 0.5 மில்லிவாட்தான் உள்ளே வரும். அதே கண்ணாடி 1064-ஐத் தடுக்காமல் விடலாம். உங்கள் லேசரின் எண் அந்த வரம்புக்குள் இருக்கிறதா என்று சரிபாருங்கள். போட்டுக்கொண்டாலும் கற்றையை நேராகப் பார்க்க அது அனுமதி இல்லை. கீறலோ விரிசலோ விழுந்துவிட்டால் வேறு வாங்கிவிடுங்கள்.