முன்னாள் படைவீரர் குடும்பங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆவடி, தாம்பரம், பல்லாவரம் பகுதிகளில் குடியேறியுள்ள முன்னாள் படைவீரர் குடும்பங்களுக்கு அரசு உதவி தாமதமாவதற்குத் திட்டம் இல்லாமை காரணமாக இருப்பது அரிது. படைவீரர் உயிரோடு இருந்தபோது அவருடைய ஒரு கையெழுத்தில் முடிந்திருக்கக்கூடிய பதிவுத் திருத்தத்தை, அவர் இறந்த பிறகு அவருடைய மனைவி சான்றிதழ்களைச் சுமந்துகொண்டு அலைந்து முடிக்க வேண்டியிருப்பதே பெரும்பாலான சிக்கல்களின் வேர்.

இவற்றுள் முதன்மையானது பெயர் தொடர்பான தவறு. தகப்பனார் பெயரின் முதலெழுத்தைத் தலைப்பெழுத்தாக எழுதும் நம் வழக்கம் படைப்பிரிவின் பதிவேட்டில் ஒரு விதமாகவும், ஆதாரில் வேறு விதமாகவும், வங்கிக் கணக்கில் மூன்றாவது விதமாகவும் பதிவாகியிருக்கும். மனைவியின் நிலை இன்னும் மோசம்: ஊரில் அழைக்கும் பெயரான ‘லட்சுமி’ டிஸ்சார்ஜ் புக்கிலும் (படையிலிருந்து விடுபடும்போது தரப்படும் பணிப் பதிவுப் புத்தகம்), பள்ளிச் சான்றிதழின் ‘மகாலட்சுமி’ ஆதாரிலும் இருக்க, பிறந்த தேதியோ திருமணப் பதிவின்போது யாரோ உத்தேசமாகச் சொன்னதாக இருக்கும். கணவர் இருக்கும்வரை இதை யாரும் கேட்பதில்லை; குடும்ப ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்கும் நாளில்தான் ஓய்வூதிய ஆணையில் உள்ள பெண்ணும் எதிரே நிற்கும் பெண்ணும் ஒருவரே என்று மெய்ப்பிக்க வேண்டியதாகிறது. எனவே ஓய்வூதிய ஆணை, டிஸ்சார்ஜ் புக், ஆதார், பான், வங்கிப் புத்தகம் ஆகியவற்றை ஒருங்கே வைத்து, மனைவி மக்களின் பெயரையும் பிறந்த தேதியையும் எழுத்து எழுத்தாக ஒப்பிட்டு, வேறுபாடு இருந்தால் படைவீரர்களின் பணிப் பதிவுகளைப் பராமரிக்கும் உரிய ரெக்கார்டு அலுவலகத்துக்கு எழுதித் திருத்திக்கொள்ள வேண்டும். மெட்ராஸ் ரெஜிமெண்ட் வீரருக்கு அது நீலகிரி மாவட்ட வெலிங்டனில் இருக்கிறது. மெட்ராஸ் சேப்பர்ஸ் என்ற பொறியாளர் படைப்பிரிவு என்றால் பெங்களூரு. கடற்படை மாலுமியாக இருந்தவர் மும்பைக்கு எழுத வேண்டும். ஓர் எழுத்துப் பிழைக்காகச் சென்னையிலிருந்து இத்தனை தூரம் காகிதம் போய் வர வேண்டியிருப்பது, என் பார்வையில், குடும்பத்தின் தவறு அன்று. இத்தகைய சிறு திருத்தங்களைச் செய்யும் அதிகாரத்தை மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கே அளிப்பதுதான் அரசு செய்யக்கூடிய மிக எளிய சீர்திருத்தம்.

மாற்றுத்திறனாளிப் பிள்ளை உள்ள குடும்பங்கள் இன்னும் முன்கூட்டியே செயல்பட வேண்டும். அப்பிள்ளையின் பெயரைப் பெற்றோர் இருக்கும்போதே ஓய்வூதிய ஆணையில் சேர்க்க முடியும். பெற்றோர் காலத்துக்குப் பின் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டால், மருத்துவச் சான்றையும் வருமானச் சான்றையும் தேடி ஓடுவதற்கு ஆள் இருக்காது.

குடும்ப ஓய்வூதியத்தின் அளவைத் தவறாகக் கணக்கிட்டுக் கடன் வாங்குவோரும் உண்டு. ஓய்வுபெற்ற வீரர் இறந்தால், கடைசிச் சம்பளத்தில் 50 விழுக்காடு என்ற கூடுதல் வீதம் ஏழு ஆண்டுகளுக்கோ, அவருக்கு 67 வயது நிறைந்திருக்கக்கூடிய நாள் வரையோ, இவற்றில் எது முந்தியதோ அதுவரைதான் கிடைக்கும். பின்னர் அது 30 விழுக்காடாகக் குறையும். 45 வயதில் இறந்தவரின் மனைவி, எட்டாம் ஆண்டில் தொகை குறைந்ததும் அலுவலகம் தவறிழைத்துவிட்டதாக எண்ணி மனுக்கள் எழுதுவது இதனால்தான்.

இடம் மாறும்போது பதிவை மாற்றாமல் விடுவது, சென்னைக்கே உரிய தவறு என்று சொல்லலாம். வேலூர், திருவண்ணாமலை மாவட்டங்களிலிருந்து பிள்ளைகளின் படிப்புக்காக இங்கு வந்து, காவலாளி வேலையில் சேர்ந்து, இருபது ஆண்டுகள் கழிந்த பின்னும் சொந்த மாவட்ட நல அலுவலகத்திலேயே பதிவை வைத்திருப்பார்கள். ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் ஊருக்குப் பேருந்து ஏறுவதை விட, பதிவை இப்போது குடியிருக்கும் மாவட்டத்துக்கு மாற்றிக்கொள்வது நல்லது.

பிரதமரின் கல்வி உதவித்தொகை மாதம் மாணவிக்கு 3,000 ரூபாயும் மாணவனுக்கு 2,500 ரூபாயும் என்பது பலருக்குத் தெரியும். ஆனால் அது தொழிற்கல்விப் படிப்புகளுக்கு மட்டுமே உரியது. அப்படிப்பில் சேரத் தகுதியளிக்கும் தேர்வில், அதாவது பிளஸ் டூ போன்றவற்றில், 60 விழுக்காடு மதிப்பெண் தேவை. முதலாண்டில் சேர்ந்த உடனேயே இணையவழியில் விண்ணப்பிக்கவும் வேண்டும். இரண்டாம் ஆண்டில் நினைவுக்கு வந்து பயனில்லை.

முன்னாள் படைவீரர் பங்களிப்பு மருத்துவத் திட்டம் 2003 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. நெஞ்சுவலி என்று அருகிலுள்ள, இத்திட்டத்தின் பட்டியலில் இல்லாத மருத்துவமனைக்கு ஓடுவது தவறன்று, உயிர்தான் முதலில். ஆனால் 48 மணி நேரத்துக்குள் இத்திட்டத்தின் சிகிச்சை மையமான பாலிகிளினிக்குக்குத் தகவல் தராமல் விட்டால் செலவைத் திரும்பப் பெறுவது கடினமாகிவிடும் என்பதால், அந்தத் தொலைபேசி எண் வீட்டில் எல்லோருடைய கைப்பேசியிலும் இருக்க வேண்டும்.

ஆண்டுதோறும் நவம்பரில் உயிர்வாழ்ச் சான்று தர வேண்டும். 80 வயதைக் கடந்தவர்கள் அக்டோபரிலேயே தரலாம். அந்த மாதங்களில், பாதுகாப்புத் துறையின் இணையவழி ஓய்வூதிய அமைப்பான ‘ஸ்பர்ஷ்’ அலுவலகத்திலிருந்து பேசுவதாகச் சொல்லி ஓடிபி கேட்பவர்களுக்கு எதையும் சொல்லக் கூடாது.

படைப்பணியால் நேர்ந்த ஊனத்துக்கான ஓய்வூதியக் கோரிக்கை மறுக்கப்பட்டதும் ‘அவ்வளவுதான்’ என்று கடிதத்தை அலமாரியில் வைத்துவிடுவது பணமதிப்பிலும் பெரிய தவறு. முதலில் துறைக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். அதுவும் மறுக்கப்பட்டால், இறுதி ஆணையிலிருந்து ஆறு மாதங்களுக்குள், படைவீரர்களின் பணி, ஓய்வூதிய வழக்குகளை விசாரிக்கும் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தை அணுக வேண்டும். அதன் அமர்வு சென்னையிலேயே உள்ளது. ஓய்வூதியம் மாதந்தோறும் தொடரும் உரிமை என்பதால், காலம் கடந்து வந்தவரையும் தீர்ப்பாயம் ஏற்பதுண்டு. ஆனால் 2008-இல் தர்செம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிப்படி, நிலுவைத்தொகை பொதுவாக வழக்குத் தொடுத்த நாளுக்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்கு மட்டுமே கிடைக்கும். பதினைந்து ஆண்டுகள் காத்திருந்தவர் வென்றாலும், அவற்றில் பன்னிரண்டு ஆண்டுகளின் தொகை அவருக்குத் திரும்பி வராது.