ஒரே பாட்டு, இரண்டு பதிவு: ஸ்டுடியோவையும் லைவையும் ஒப்பிட்டுக் கேட்பது எப்படி?

ராக் இசை கேட்க ஆரம்பிக்கும் எல்லோரும் சீக்கிரமே ஒரு சண்டையில் போய் நிற்பார்கள். ஸ்டுடியோ பதிவு உசத்தியா, லைவ் (மேடைக் கச்சேரியில் எடுத்த பதிவு) உசத்தியா? நாகர்கோவில் டீக்கடையில் நடந்தாலும் சரி, மார்த்தாண்டத்தில் கிடார் வகுப்பு முடிந்து மாடிப்படியில் நடந்தாலும் சரி, அந்தச் சண்டைக்கு முடிவே வராது. இரண்டு பக்கமும் தனக்குப் பிடித்ததைச் சொல்லுமே ஒழிய, பாட்டில் எந்த இடத்தில் என்ன மாறியது என்று சொல்லாது. அந்த இடத்தைக் கண்டுபிடிக்கத்தான் இந்தச் செய்முறை. இசை படித்திருக்க வேண்டாம். ஒரு நோட்டு, பேனா, ஒயர் வைத்த ஹெட்போன், ஒரு ஃபோன் போதும்.

நம் குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு இந்த வகைக் கேட்பு புதிதும் கிடையாது. கொடை விழாவில் வில்லுப்பாட்டு கேட்டிருப்பீர்கள். கேசட்டில் ஒரு மணி நேரத்தில் முடிகிற அதே கதையை, கோயில் முற்றத்தில் புலவர் சாமியாடிக்கு அருள் வரும்வரை ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றிப் பாடுவார். உடுக்கையும் குடமும் ஏறிக்கொண்டே போகும். கதை அதேதான், எங்கே நிற்பது என்பதைக் கூட்டம் முடிவு செய்கிறது. ராக் மேடையைக் கேட்கும்போதும் இந்தக் காதையே வைத்துக்கொள்ளுங்கள்.

1. பாட்டைத் தேர்ந்தெடுங்கள்

முதல் தடவைக்கு, இரண்டு பதிவிலும் அதே ஆட்கள் இருக்கும் பாட்டாக, இரண்டுக்கும் இடையில் அதிகக் காலம் போகாத பாட்டாக எடுங்கள். இருபது வருடம் கழித்து, பாடகரின் தொண்டையும் மாறி, டிரம்மரும் மாறிய பிறகு பதிவான லைவை எடுத்தால் வித்தியாசம் எதனால் வந்தது என்று பிரிக்க முடியாது.

நான் சிபாரிசு செய்வது டீப் பர்ப்பிள் என்ற ஆங்கிலேய ராக் குழு. 'மெஷின் ஹெட்' ஸ்டுடியோ ஆல்பத்தை 1971 டிசம்பரில் பதிவு செய்தார்கள். 'மேட் இன் ஜப்பான்' லைவ் ஆல்பம் 1972 ஆகஸ்ட் 15, 16 தேதிகளில் ஒசாகாவிலும் 17-இல் டோக்கியோவிலும் பதிவானது. நடுவில் எட்டு மாதம்தான். இயன் கில்லன் (குரல்), ரிச்சி பிளாக்மோர் (கிடார்), ஜான் லார்ட் (ஆர்கன்), ரோஜர் குளோவர் (பேஸ் கிடார்), இயன் பெய்ஸ் (டிரம்ஸ்) என்று அதே ஐந்து பேர். ஆகவே மாற்றம் எதுவாக இருந்தாலும் அது மேடையால் வந்த மாற்றம் என்று ஓரளவு தைரியமாகச் சொல்லலாம்.

பாட்டு? இரண்டு ஆல்பத்திலும் உள்ள 'ஸ்மோக் ஆன் த வாட்டர்'. கிடார் கையில் எடுத்த எல்லோருக்கும் அதன் ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் அந்தக் குட்டி மெட்டு, தெரியும். சர்ச் குவயரில் கிடார் வாசிக்கும் பையன்கள்கூட பயிற்சி முடிந்து யாரும் பார்க்காதபோது அதைத்தான் தட்டிப் பார்ப்பார்கள்.

2. எந்தப் பதிவு என்று உறுதி செய்யுங்கள்

ஆப்பில் தேடினால் ஒரே பெயரில் ஏகப்பட்டது வரும்: ரீமாஸ்டர், ரீமிக்ஸ், வேறு வருடக் கச்சேரி, சிங்கிளுக்காக வெட்டிய குட்டிப் பதிப்பு. ஆல்பத்தின் பெயரையும் பாட்டின் நீளத்தையும் பாருங்கள். ஸ்டுடியோ 5 நிமிடம் 40 விநாடியை ஒட்டி இருக்கும், 'மேட் இன் ஜப்பான்' ஏழரை நிமிடத்தை ஒட்டி இருக்கும். இரண்டையும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். இதற்கு மேல் இந்தப் படியில் வேலையில்லை.

3. கேட்கும் இடமும் சத்தமும்

திருவனந்தபுரம் போகும் பஸ்ஸில் வைத்து இதைச் செய்யாதீர்கள். கனத்த கீழ்க்குரலில் ஒலிக்கும் பேஸ் கிடாரை எஞ்சின் இரைச்சல் அப்படியே விழுங்கிவிடும். பிறகு லைவில் பேஸே இல்லை என்று எழுதி வைப்பீர்கள். இடவப்பாதி மழை தகரக் கூரையில் கொட்டும் நேரமும் வேண்டாம். ஃபேனையும் நிறுத்தச் சொல்வேன், நம்மூர்ப் புழுக்கத்தில் அது கொஞ்சம் அதிகம்தான், பத்து நிமிடம் தாங்கிக்கொள்ளுங்கள்.

முக்கியமானது சத்தத்தின் அளவு. இரண்டு பதிவில் எது கொஞ்சம் உரக்கக் கேட்கிறதோ அதுதான் நன்றாக இருப்பதாகக் காது சொல்லும். ஒன்றிரண்டு டெசிபல் வித்தியாசமே நம்மை ஏமாற்றப் போதும். ஆப்பின் அமைப்புகளில் எல்லாப் பாட்டையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவரும் வசதி இருந்தால் அதைப் போடுங்கள். விலைக்கு வாங்கிய கோப்போ சிடியோ உங்களிடம் இருந்தால், ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் இரண்டையும் ஏற்றிச் சத்தத்தைச் சமப்படுத்தலாம். எதுவும் முடியாவிட்டால், குரல் வரும் இடத்தை இரண்டிலும் மாறி மாறிப் போட்டு, வால்யூம் பட்டனில் கையாலேயே சரிக்கட்டுங்கள்.

4. முதலில் ஸ்டுடியோவுக்கு ஒரு வரைபடம்

லைவைத் தொடாதீர்கள். ஸ்டுடியோ பதிவைப் போட்டு, புதிதாக ஏதாவது நுழையும்போதெல்லாம் நேரத்தைக் குறியுங்கள். 'ஸ்மோக் ஆன் த வாட்டர்' இதற்கென்றே செய்தது போலிருக்கும், ஏனென்றால் ஆட்கள் ஒவ்வொருவராகத்தான் உள்ளே வருகிறார்கள். முதலில் கிடார் தனியாக ரிஃப் வாசிக்கும். பிறகு ஹை-ஹாட் (டிரம்ஸில் உள்ள ஜோடித் தாளத்தட்டு) தாளமும் கரகரப்பான ஆர்கனும் சேரும். அப்புறம் முழு டிரம்ஸ், அதன்பின் பேஸ், கடைசியில் குரல். இரண்டு சரணம் போனதும் கிடார் முன்னால் வந்து தனித்து வாசிக்கும் சோலோ, மூன்றாவது சரணம், கோரஸ், பிறகு ரிஃப் ஓடிக்கொண்டிருக்கும்போதே சத்தம் மெல்லத் தேய்ந்து முடிகிறது.

அந்தத் தேய்வைப் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். ஸ்டுடியோவில் பாட்டை முடிக்காமலே முடிக்கலாம், மேடையில் அந்த வசதி கிடையாது. ஸ்டுடியோவில் தேய்ந்து முடிகிற எந்தப் பாட்டுக்கும் லைவில் ஒரு முடிவு கண்டுபிடித்தே ஆக வேண்டும். ஒப்பிட நினைக்கும் எந்த இசைக்குழுவிலும் நான் முதலில் பார்ப்பது அந்த இடத்தைத்தான்.

டெம்போவையும், அதாவது பாட்டின் வேகத்தையும், அளந்துவிடுங்கள். காலால் தாளம் தட்டி, 15 விநாடியில் எத்தனை தட்டு என்று எண்ணி நாலால் பெருக்கினால் நிமிடக் கணக்கு. முதல் சரணம், சோலோ, கடைசி கோரஸ் என்று மூன்று இடத்தில் எடுங்கள். அந்தக் காலத்து ராக் குழுக்கள் பல, வேகத்தைப் பிடித்து வைக்கும் கிளிக் சத்தம் வைத்துக்கொள்ளாமலே பதிவு செய்தவை. அதனால் ஸ்டுடியோவிலேயே வேகம் கொஞ்சம் ஆடியிருக்கலாம்.

5. இப்போது லைவ்: பாதை பிரியும் இடங்கள்

வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு லைவைக் கேளுங்கள். ஸ்டுடியோவில் உள்ளபடியே போகும் இடத்தில் எதுவும் எழுத வேண்டாம். விலகும் இடத்தில் மட்டும் நேரத்தைக் குறித்து, என்ன நடந்தது என்று ஒரு வரி எழுதுங்கள். தொடக்கத்தில் பிளாக்மோர் ரிஃப்பை எப்படி வாசிக்கிறார், கூட்டம் எப்போது கைதட்டத் தொடங்குகிறது, கடைசி கோரஸுக்குப் பிறகு ஆர்கனும் கிடாரும் ஒன்றுக்கொன்று என்ன பேசிக்கொள்கின்றன என்பதையெல்லாம் கவனியுங்கள். ஸ்டுடியோவில் தேய்ந்து போன இடம் இங்கே ஒரு வாக்குவாதமாக மாறியிருக்கும். கூடுதலான ஒன்றே முக்கால் நிமிடத்துக்கு மேற்பட்ட நேரம் எங்கெங்கே செலவாகியிருக்கிறது என்று பங்கு போட்டுப் பாருங்கள்.

நீளம் எவ்வளவு கூடியது என்பது மட்டும் ஒன்றும் சொல்லாது. அதே ஆல்பத்தில் 'ஸ்பேஸ் ட்ரக்கின்' நாலரை நிமிடத்திலிருந்து ஏறக்குறைய 20 நிமிடமாகியிருக்கிறது. கேட்டால் பாட்டு முன்பகுதியிலேயே முடிந்துவிடும். மீதி நீண்ட வாத்தியப் பகுதி, அவர்களுடைய 1968-ஆம் வருடத்து 'மாண்ட்ரேக் ரூட்' பாட்டுக்கு மேடையில் வாசித்து வந்ததிலிருந்து வந்தது. பழைய பாட்டின் வால் புதிய பாட்டில் ஒட்டிக்கொண்டது. இதையும் 'ஸ்மோக்' பாட்டின் நீட்சியையும் ஒரே கணக்கில் போடக் கூடாது.

6. ஓட்டையை யார் அடைக்கிறார்கள்?

எனக்கு மிகவும் பிடித்த படி இது. ஸ்டுடியோவில் ஒரே ஆள் இரண்டு மூன்று முறை வாசித்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாம். இதே இரண்டு ஆல்பத்திலும் உள்ள 'ஹைவே ஸ்டார்' பாட்டின் ஸ்டுடியோ பதிவில், சோலோவில் வேகமான பகுதி வரும்போது இரண்டு கிடார் இணையாக ஓடுவது கேட்கும். இரண்டுமே பிளாக்மோர்தான். மேடையில் பிளாக்மோர் ஒருவர்தானே இருப்பார்! அவர் சோலோவுக்குப் போனதும் பின்னால் தாளக் கிடாரும் இருக்காது.

அந்த இடத்தில் ஹெட்போனில் ஆர்கனை மட்டும் தேடிப் பிடியுங்கள். ஜான் லார்ட் தன் ஹாம்மண்ட் என்ற மின் ஆர்கனைக் கிடார்காரர்கள் பயன்படுத்தும் மார்ஷல் ஆம்ப் (ஒலிபெருக்கி) வழியாக ஓட்டியவர். அதனால்தான் அது சர்ச் ஆர்கன் போல இல்லாமல் உறுமுகிறது, கிடார் விட்ட இடத்தில் நின்றுகொள்ளவும் முடிகிறது. பேஸ் என்ன செய்கிறது, டிரம்ஸ் அடர்த்தியாகிறதா என்பதையும் எழுதுங்கள். முதலில் ஒன்றும் பிரிந்து கேட்காது. இடது காதை மட்டும், பிறகு வலது காதை மட்டும் போட்டுக் கேளுங்கள். எந்த வாத்தியம் எந்தப் பக்கம் என்று தெரிந்ததும் பாதி வேலை முடிந்தது.

குவீன் என்ற குழுவின் 'பொஹீமியன் ராப்சடி'யில் இந்தக் கேள்விக்கு வேடிக்கையான பதில் கிடைக்கும். நடுவில் வரும் அந்த அடுக்கடுக்கான ஓபரா பகுதியை மேடையில் பாட முடியாது என்பதால், குழுவினர் மேடையை விட்டு இறங்கிவிட, டேப்தான் ஓடும். ராக் பகுதிக்குத் திரும்பி வருவார்கள். ஓட்டையை அடைக்காமல் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். எனக்கு அதில் குறையே தெரியவில்லை.

7. லைவ் எவ்வளவு லைவ், ஸ்டுடியோ எவ்வளவு ஸ்டுடியோ?

லைவ் ஆல்பம் என்றால் ஓர் இரவு நடந்தது அப்படியே என்று நினைக்க வேண்டாம். 'மேட் இன் ஜப்பான்' மூன்று இரவுகளிலிருந்து பொறுக்கியது. 'ஸ்மோக்' மட்டும் 15-ஆம் தேதி ஒசாகாவில் வாசித்தது. 'லேசி', 'த மியூல்' இரண்டும் டோக்கியோ. மற்றவை 16-ஆம் தேதி ஒசாகா. வேறு குழுக்களின் லைவ் ஆல்பங்கள் சிலவற்றில் தவறிய இடங்களை ஸ்டுடியோவில் மறுபடி பாடிச் சேர்த்ததும் உண்டு.

மறுபக்கம் இன்னும் சுவாரசியம். 'மெஷின் ஹெட்' முறையான ஸ்டுடியோவில் பதிவானதே இல்லை. சுவிட்சர்லாந்தில் மோன்ட்ரோ நகரத்துக் காசினோவில் பதிவு செய்யத் திட்டமிட்டிருந்தார்கள். 1971 டிசம்பர் 4-இல் ஃபிராங்க் ஸாப்பா என்ற அமெரிக்க ராக் கலைஞரின் கச்சேரியின்போது அது எரிந்துபோனது. பாட்டில் சொல்லப்படும் புகையே அந்தத் தீயின் புகைதான். 'ஸ்மோக்' பாட்டின் வாத்தியப் பகுதியை பெவிலியன் என்ற அரங்கில் வாசித்துப் பதிந்தார்கள். சத்தம் தாங்காமல் ஊரார் புகார் செய்ய, போலீஸ் வந்துவிட்டது. மிச்ச ஆல்பம் காலியாகக் கிடந்த ஒரு ஹோட்டலின் நடைக்கூடத்தில் வாசிக்கப்பட்டு, வெளியே நிறுத்திய, ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் பதிவுக் கருவிகள் வைத்த வண்டியில் பதிவானது. ஆக, நாம் ஸ்டுடியோ என்று பெயர் வைத்த பதிவிலும் ஓர் அரங்கத்தின் காற்று இருக்கிறது. நோட்டில் இந்த விவரத்தை எழுதியபின் டிரம்ஸை மறுபடி ஒருமுறை கேளுங்கள்.

8. லைவை லைவோடு

ஜப்பான் இரவுகளின் பெரும்பகுதி 1993-இல் 'லைவ் இன் ஜப்பான்' என்ற மூன்று சிடித் தொகுப்பாக வந்தது. ஒரே பாட்டின் இரண்டு இரவுகளை எடுத்து, ஐந்தாவது படியில் நீங்கள் குறித்த விலகல்களைச் சரிபாருங்கள். எல்லா இரவும் அதே இடத்தில் அதே விலகல் வந்தால் அது ஒத்திகை பார்த்து வைத்த ஏற்பாடு. ஓர் இரவில் மட்டும் வந்தால் அது அந்த நேரத்தில் முளைத்தது. லைவில் எல்லாமே தன்னிச்சை என்று அடித்துப் பேசுபவர்களிடம் காட்ட நோட்டின் இந்தப் பக்கம் உதவும்.

இதெல்லாம் கைக்கு வந்த பிறகு கொஞ்சம் கடினமான ஜோடிக்குப் போகலாம். டயர் ஸ்ட்ரெய்ட்ஸின் 'சுல்தான்ஸ் ஆஃப் ஸ்விங்', 1978-ஆம் வருட ஆல்பத்துக்கும் 1984-இல் வந்த 'ஆல்கெமி' லைவுக்கும் நடுவில் ஏறக்குறைய இரண்டு மடங்கு நீண்டிருக்கிறது, குழுவில் ஆட்களும் மாறியிருக்கிறார்கள். ஈகிள்ஸின் 'ஹோட்டல் கலிஃபோர்னியா' 1976 பதிவையும் 1994-இல் வந்த அக்கூஸ்டிக் பதிவையும் எடுத்தால், டெம்போவை அளக்கும் முன்பே வாத்தியப் பட்டியலை எழுதிவிடுங்கள். அங்கே மின்கிடாரே இடத்தைக் காலி செய்துவிட்டதால் ஆறாவது படியிலேயே உங்களுக்கு ஒரு பக்கம் நிரம்பிவிடும்.