சூப்பர் ஹீரோயின் உடை: வரைவதற்கு முன் கையைத் தூக்கச் சொல்லுங்கள்

ஃபேஷன் டிசைன் முடித்துவிட்டு என்னிடம் உதவியாளராகச் சேர வருகிற பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுப்பேன். காமிக்ஸில் வரும் ஒரு சூப்பர் ஹீரோயினை எடுத்துக்கொள், அவள் கதை படமாகிறது என்று வை, உடை வரைந்து காட்டு. பெரும்பாலும் பென்சில் முதலில் இடுப்புக்குத்தான் போகும். அப்புறம் மார்பு, அப்புறம் கால். கைகளுக்கு வரும்போது பேப்பரில் இடமே மிஞ்சியிருக்காது. சூப்பர்மேனை வரையச் சொன்னால் அதே பிள்ளைகள் தோளிலிருந்து தொடங்குகிறார்கள். அவர்களைத் திட்டிப் பிரயோஜனமில்லை, காமிக்ஸ் ஓவியர்கள் பலரும் காலம் காலமாக அப்படித்தான் வரைந்து வந்தார்கள்.

நான் சினிமாவில் உடைப் பிரிவில் இருக்கிறவள். பறக்கிற கதாநாயகி இன்னும் கைக்கு வரவில்லை. ஆனால் ரோப்பில் தொங்குகிற, மழையில் உருளுகிற, நாலு பேரை அடிக்கிற பெண்களுக்கு நிறையத் தைத்தாகிவிட்டது. அந்தக் கண்ணோடு ஹாலிவுட் படங்களைப் பார்த்துப் பார்த்து எனக்கென்று ஒரு முறை அமைந்துவிட்டது. அதைத்தான் இங்கே சொல்கிறேன்.

முதல் நாள் வரையவே வேண்டாம், எழுதுங்கள். ஸ்கிரிப்டை வாங்கி, அவள் உடம்பு செய்கிற வேலைகளை மட்டும் வரிசையாகக் குறியுங்கள். ஓடுகிறாள், ஏணி ஏறுகிறாள், கேடயத்தைத் தலைக்கு மேல் பிடிக்கிறாள், தண்ணீரில் விழுகிறாள், குழந்தையைத் தூக்குகிறாள். இந்தப் பட்டியல் கையில் இல்லாமல் துணிக்கடைக்குப் போனால் கடைக்காரர் காட்டுகிற பளபளப்பைத்தான் வாங்கி வருவீர்கள்.

2017இல் பேட்டி ஜென்கின்ஸ் இயக்கத்தில் வந்த 'வொண்டர் வுமன்' படத்தில் இந்தப் பாடத்தைக் கதாநாயகியே எடுக்கிறாள். முதல் உலகப்போர் நடக்கும் லண்டனில், ஊரோடு ஒத்துப்போகிற உடை வாங்க டயானாவைக் கடைக்குக் கூட்டிப்போகிறார்கள். இறுக்கமான பாவாடையும் மேலாடையுமாக ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கிறாள். போட்டதும் அவள் கண்ணாடியைத் தேடவில்லை, காலைத் தூக்கி உதைத்துப் பார்க்கிறாள். இதைப் போட்டுக்கொண்டு ஒரு பெண் எப்படிச் சண்டை போடுவாள் என்பதுதான் அவள் கேள்வி. சிரிப்புக் காட்சிதான், ஆனால் டிரையல் ரூமில் நாங்கள் செய்கிற வேலையும் அதேதான்.

எங்கள் கட்டிங் மாஸ்டர் டிரையலுக்கு நடிகைக்கு முன்னால் டூப் போடுகிற பெண்ணைத்தான் கூப்பிடுவார். “கையைத் தூக்கும்மா. இன்னும் மேல. காது மேல படணும்.” அவள் தூக்குவாள். “அக்குள்ல இழுக்குதண்ணே.” மாஸ்டர் சாக்பீஸால் அங்கே ஒரு கோடு போடுவார். கவனித்துப் பாருங்கள், கை மேலே போகும்போது இடுப்பு பெல்ட்டும் சேர்ந்து ஏறுகிறதா? ஏறினால் ஆர்ம்ஹோல், அதாவது கை நுழைகிற வெட்டு, கீழே இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். லூஸாக வைத்தால் கை நன்றாக அசையும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். நடப்பது நேர்மாறு. ஆர்ம்ஹோலை அக்குளுக்கு ஒட்டி, சின்னதாக, மேலே வைத்து வெட்டினால்தான் கை தனியாக எழும்பும், உடம்புத் துணி நின்ற இடத்தில் நிற்கும். அப்புறம் அக்குளில் டைமண்ட் வடிவத்தில் ஒரு துண்டு, நாலு பக்கமும் இழுபடுகிற லைக்ராவில். தொடை சேருகிற இடத்திலும் அதே மாதிரி ஒன்று. மேலே தோல், உள்ளே லைக்ரா என்று இரண்டையும் கலந்தால் கேமராவுக்குக் கவசமாகத் தெரியும், போட்டவளுக்குப் பனியன் போட்ட மாதிரி இருக்கும்.

இது தேறியபிறகுதான் இரண்டாவது கேள்விக்கு வருவேன். கதைக்குள் இந்த உடையை அவளுக்கு யார் கொடுத்தார்கள்?

டைட்டில் கார்டில் யார் பெயர் வருகிறது என்று கேட்கவில்லை, கதைக்குள்ளே யார் என்று கேட்கிறேன். 1992இல் டிம் பர்ட்டன் எடுத்த 'பேட்மேன் ரிட்டர்ன்ஸ்' படத்தில் மிஷெல் ஃபைஃபர் நடித்த கேட்வுமனைப் பாருங்கள். உடை வடிவமைத்தவர்கள் பாப் ரிங்வுட், மேரி வோக்ட். உடம்போடு ஒட்டிய பளபளப்புக் கறுப்பு லேட்டக்ஸ். பளபளப்புக்காக மேலே சிலிக்கான் பூசினார்கள், உள்ளே நுழைவதற்கு நடிகைக்குப் பவுடர் போட வேண்டியிருந்தது. போட்டுக்கொண்டிருப்பவளுக்குப் படு அவஸ்தை. என் முதல் சோதனையில் பாஸ் ஆகவே ஆகாது. ஆனாலும் அந்த உடையை யாரும் மறக்கவில்லை. காரணம், செலினா கைல் அதைத் தானே தைக்கிறாள். முதலாளி ஜன்னல் வழியே தள்ளிவிட்ட பெண் உயிரோடு வீடு திரும்பி, தன்னுடைய ரோஜா நிற அறையை அடித்து நொறுக்கிவிட்டு, பீரோவிலிருந்து ஒரு கறுப்பு வினைல் கோட்டை உருவி, வெட்டித் தைக்க உட்காருகிறாள். வெள்ளை நூல் தையல் வெளியே அப்பட்டமாகத் தெரிகிறது. ஒரு தையல்காரியாகச் சொல்கிறேன், அந்தக் கோணல் தையலைக் கோணலாகவே காட்டத் துணிந்தார்களே, அது பெரிய தைரியம். படம் போகப் போக அது கிழிகிறது, பிரிகிறது. அவளும்தான்.

2004இல் அதே கேட்வுமன் பெயரில் ஹாலி பெர்ரி நடித்த படம் வந்தது. தோல் பிரா, குறுக்கே பெல்ட்டுகள், அங்கங்கே கிழித்துவிட்ட பேன்ட். மோசமான படங்களுக்குக் கொடுக்கிற ராஸி விருது கிடைத்தது, ஹாலி பெர்ரி நேரிலேயே போய் வாங்கிக்கொண்டார். இந்தக் கிழிசல்களுக்கும் 1992 தையல்களுக்கும் உள்ள தூரத்தை ஒரு சாயங்காலம் உட்கார்ந்து பாருங்கள். இரண்டுமே தோலோடு ஒட்டிய கறுப்பு உடைதான். ஒன்று அவளிடமிருந்து வந்தது, இன்னொன்று போஸ்டருக்காக வந்தது.

'கேப்டன் மார்வெல்' (2019) இதே கேள்விக்கு வேறு மாதிரி பதில் சொல்கிறது. படத்தின் தொடக்கத்தில் கதாநாயகி கேரல் போட்டிருப்பது க்ரீ என்ற வேற்றுகிரகப் படையின் பச்சை யூனிஃபார்ம். அவர்களுடைய பொய் தெரிந்தபிறகு அதே உடை, அதே வெட்டு, ஆனால் நிறம் மட்டும் சிவப்பும் நீலமும் ஆகிறது. நிறம் தேர்ந்தெடுக்க உதவுவது தோழியின் சின்ன மகள் மோனிகா. ஒரு கதாபாத்திரம் கட்சி மாறியதைச் சொல்லப் புது உடை தேவையில்லை, யார் கை பட்டது என்று காட்டினால் போதும். தயாரிப்பாளருக்கும் செலவு மிச்சம்.

அடுத்தது காமிக்ஸை எவ்வளவு எடுப்பது, எவ்வளவு விடுவது. இங்கேதான் ரசிகர்களிடம் அடி வாங்குவோம், அதனால் காரணம் கையில் இருக்க வேண்டும். நான் சொல்வது, ஒரு அடையாளத்தை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். தூரத்தில், இருட்டில், நிழலாகத் தெரிந்தாலும் இவள்தான் என்று சொல்லவைக்கிற ஒன்று. வொண்டர் வுமனுக்குக் கைக்காப்புகளும் நெற்றிப்பட்டையும். கேரலுக்கு மார்பில் நட்சத்திரம். மிச்சமெல்லாம் பேரம் பேசக்கூடியது. கேரல் மிஸ் மார்வெலாக இருந்தபோது 1978 முதல் அவள் உடை கறுப்பு நீச்சலுடை, மின்னல் கோடு, இடுப்பில் சிவப்புத் துணி. விமானப்படைப் பைலட்டுக்கு நீச்சலுடை! 2012இல் ஜேமி மெக்கெல்வி அதைப் பைலட் உடை சாயலில் உடம்பு முழுக்க மூடிய உடையாக மாற்றி வரைந்தார். சினிமா அந்த வழியில் போனது. படத்தில் சேன்யா ஹேஸ் தைத்ததைப் போட்டுக்கொண்டு ப்ரீ லார்சன் நின்றால், இவள் விமானம் ஓட்டுவாள் என்று நம்ப முடிகிறது.

'பிளாக் பேந்தர்' (2018) இன்னும் தைரியமாகப் போனது. காமிக்ஸில் டோரா மிலாஜே மெய்க்காப்பாளர்கள் குட்டை உடையும் ஹீல்ஸுமாக மாடல் அழகிகள்போல வந்தவர்கள். ரூத் கார்ட்டர் அவர்களைச் சிவப்பு உடையில், கழுத்திலும் கையிலும் வளையங்களோடு, மணி வேலைப்பாடும் தோல் பட்டைகளுமாக நிறுத்தினார். மசாய், என்டெபெலே போன்ற ஆப்பிரிக்க இனங்களின் அணிகலன்களிலிருந்து எடுத்த வேலை. தளபதி ஒகோயேக்குத் தங்க நிற வளையம், மற்றவர்களுக்கு வெள்ளி நிறம், இவ்வளவுதான் பதவிப் பட்டை. வசனமே வேண்டாம். கார்ட்டருக்கு ஆஸ்கர் கிடைத்தது. உடை வடிவமைப்பில் அந்த விருது பெற்ற முதல் கறுப்பின அமெரிக்கர் அவர்.

பழைய உடைமேல் உங்களுக்குப் பாசம் இருந்தால் அதற்கும் இடமுண்டு. 'வாண்டாவிஷன்' தொடரில் வாண்டாவின் காமிக்ஸ் உடையை ஹாலோவீன் வேஷமாகப் போடவைத்தார்கள். ரசிகனும் கைதட்டினான், கதையும் கெடவில்லை. அதே வாண்டாவாக நடித்த எலிசபெத் ஓல்சன், படங்களில் தனக்கு மட்டும்தான் மார்பு தெரிகிற இறுக்கமான மேலாடை கொடுத்திருக்கிறார்கள் என்று 2018இல் ஒரு பேட்டியில் சொன்னார். அந்தத் தொடரின் கடைசியில் வந்த புது உடையில் கழுத்து ஏறியிருந்தது. நடிகையிடம் கேளுங்கள், முதல் டிரையலிலேயே கேளுங்கள்.

தையல் மேசைக்கு வருவோம். ஒரே உடையை ஒன்றாகத் தைக்கக் கூடாது. குளோசப்புக்கு ஒன்று, சண்டைக்கு ஒன்று, டூப்புக்கு ஒன்று, அழுக்கானதற்கு ஒன்று, கிழிந்ததற்கு ஒன்று. சண்டை உடையில் உலோகம் எதுவும் உண்மையான உலோகமாக இருக்கக் கூடாது. ஃபோமிலோ ரப்பரிலோ செய்து பெயின்ட் அடியுங்கள். ரோப் ஷாட் இருந்தால் ரோப்பை மாட்டுகிற ஹார்னஸ் பட்டை உள்ளே போகும், அதற்கும் அடிபடாமல் வைக்கிற பேடுக்கும் சேர்த்து அளவு எடுங்கள். நடிகையின் அளவில் தைத்துவிட்டு ஹார்னஸை உள்ளே திணித்தால் ஜிப் வாயைப் பிளக்கும். கொக்கி வெளியே வர இரண்டு இடுப்பிலும் ஓட்டை விடுங்கள், அதை மறைக்கிற மாதிரி பெல்ட்டையோ மடிப்பையோ முதலிலேயே டிசைனில் வையுங்கள். தோல் வாங்குவதென்றால் சென்னையில் பெரியமேடு. மெல்லிய தோலாகப் பாருங்கள், நம் ஊர் வெயிலுக்குத் தடித்த தோல் கொலை.

உடம்பு மாறும் என்பதையும் கணக்கில் வையுங்கள். 'வொண்டர் வுமன்' மறுபடப்பிடிப்பின்போது கால் கடோட் ஐந்து மாதக் கர்ப்பம். கவசத்தின் வயிற்றுப் பகுதியில் முக்கோணமாக வெட்டி எடுத்துவிட்டு அங்கே பச்சைத் துணியை வைத்தார்கள். பின்னால் கம்ப்யூட்டரில் வயிற்றைத் தட்டையாக்கினார்கள். உடை வடிவமைத்த லிண்டி ஹெமிங்கின் குழு அவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்த கவசத்தில் கத்தரி வைக்க எந்தத் தையல்காரருக்கும் கை நடுங்கியிருக்கும். பக்கவாட்டில் நாடா கட்டும்படி வைத்தால் கொஞ்சமாவது விட்டுக்கொடுக்கும்.

தலைமுடியையும் செருப்பையும் பலர் வேறு பிரிவின் வேலை என்று விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். விரித்த கூந்தலோடு சண்டை போட்டால் வாயிலும் கண்ணிலும் முடிதான். 'பேர்ட்ஸ் ஆஃப் ப்ரே' (2020) படத்தில் சண்டைக்கு நடுவில் ஹார்லி க்வின் பக்கத்தில் நிற்பவளுக்கு முடி கட்ட ரப்பர் பேண்ட் நீட்டுவாள். தியேட்டரில் பெண்கள் எல்லோரும் சிரித்த இடம் அது. ஒகோயே சூதாட்ட விடுதிச் சண்டையில் தனக்குப் பிடிக்காத விக்கைக் கழற்றி எதிரி முகத்திலேயே எறிவாள். உடையை ஆயுதமாக்குவதென்றால் அப்படி ஆக்க வேண்டும். ஹீல்ஸ் விஷயத்தில் மட்டும் நான் கொஞ்சம் நெகிழ்வேன். 'வொண்டர் வுமன்' படத்தில் டயானாவுக்கும் அவள் வளர்ந்த தீவின் பெண்களுக்கும் உயரமான காலணி கொடுத்ததற்கு ஜென்கின்ஸ் பொதுவெளியில் நியாயம் சொன்னார். குளோசப்புக்கு உயரம், ஓட்டத்துக்குத் தட்டை என்று இரண்டு ஜோடி வைத்துக்கொண்டால் சண்டையே இல்லை.

இவ்வளவும் செய்தபிறகு எல்லாவற்றையும் ஒரு லென்ஸ் கெடுத்துவிடும். 'அயர்ன் மேன் 2' (2010) படத்தில் பிளாக் விடோ எனப்படும் நடாஷா அறிமுகமாகும்போது டோனி ஸ்டார்க் அவளைப் பார்த்துவிட்டு, தனக்கு ஒன்று வேண்டும் என்கிறான். கடையில் பொருள் கேட்கிற தொனி. அதற்குப் பிறகு அவளுக்கு எவ்வளவு நல்ல சண்டை உடை தைத்தாலும் பார்ப்பவன் அந்தக் கண்ணோடுதான் பார்ப்பான். 2021இல் கேட் ஷார்ட்லேண்ட் எடுத்த 'பிளாக் விடோ'வில் தங்கை யெலேனா, அக்கா தரையிறங்கி முடியைப் பின்னுக்கு வீசுகிற போஸைக் கிண்டலடிக்கிறாள். அதே யெலேனா தன் பச்சை வெஸ்ட்டில் எத்தனை பாக்கெட் இருக்கிறது என்று பெருமையடிக்கிறாள். இறுக்கமான உடை இங்கேயும் உண்டு, ஆனால் கேமரா நிற்கிற இடம் வேறு.

அதனால் ஸ்டோரிபோர்டு கேளுங்கள். எந்த ஷாட் முதலில் உடையைக் காட்டுகிறது என்று பாருங்கள். டயானா லண்டனிலிருந்து போர்முனைவரை கோட்டுக்குள்தான் இருக்கிறாள். பதுங்குகுழியில்தான் அது கழல்கிறது. நெற்றிப்பட்டை, ஏணிப்படியில் பூட்ஸ், கேடயம், காப்பு என்று துண்டு துண்டாகக் காட்டிவிட்டு, அவள் மேலே ஏறி நிற்கும்போதுதான் முழு உடை. அதே துண்டு ஷாட்களை இடுப்பு, மார்பு, தொடை என்று வைத்திருந்தால்? இயக்குநரிடம் இதைப் பேச உங்களுக்குக் கூச்சமாக இருக்கலாம். நான் டிரையல் அறையில் ஃபோனை இடுப்பு உயரத்தில் வைத்து, தரையில் வைத்து, பின்னாலிருந்து என்று வீடியோ எடுத்து அனுப்பிவிடுவேன். “இந்த ஆங்கிள்ல இப்படித்தான் சார் வரும், ஓகேவா?” பார்த்ததும் அவர்களே ஆங்கிளை மாற்றிக்கொள்வதுண்டு.

கடைசியாக, டிசைனில் யாரும் வரையாத விஷயம். ஒரே துண்டாக உடம்பு முழுக்க மூடுகிற உடைக்கு முதுகில் மட்டும் ஜிப் வைத்தால், நடிகை பாத்ரூம் போக இரண்டு பேர் உதவி வேண்டும், அடுத்த ஷாட் தள்ளிப்போகும். அதற்குப் பயந்து வெயிலில் தண்ணீரே குடிக்காமல் நிற்கிறார்கள். இடுப்பில் பெல்ட்டுக்கு அடியில் மறைவாக இரண்டாகப் பிரிகிற மாதிரி வெட்டுங்கள். ஜிப் நல்ல கம்பெனியாக வாங்குங்கள், ரன்னரில் கொஞ்சம் மெழுகு தேய்த்துவிடுங்கள், ஸ்பேர் இரண்டு ஊசிப் பெட்டியில் இருக்கட்டும்.